ஒன்பதாவது மாடியின் உயரம்

என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் கணக்குப் போட உதவும்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எனக்கு அங்கத எழுத்தாளன் என்று பெயர். பெயர் வைத்தவனும் நான்தான். இன்ஸ்டாகிராமில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. நாற்பத்து மூன்று பேர் தொடர்கிறார்கள். அதில் ஆறு பேர் தலைமுடி எண்ணெய் விற்பவர்கள். அதிகாரத்தைக் கண்டால் கேலி செய்வேன், சான்றிதழைக் கண்டால் கும்பிடுவேன். இந்த இரண்டு குணங்களும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இரண்டு மாத இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழ் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் டிவி சேனலில் மாமா இருந்தார்கள். என் மாமாவுக்கு ஒரு ஓட்டலில் மீன்தொட்டி சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் இருந்தது. அப்படித்தான் நான் ஓட்டல் மேகவாசல் இன்டர்நேஷனலுக்குப் போனேன். எங்கள் வகுப்பு ஜோவிதாவுக்கு மாமாவே இல்லை. அவளும் வந்தாள்.

மேகவாசல் குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் ஒன்பது மாடியாக நிற்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் பக்கத்தில் பறப்பதால் இன்டர்நேஷனல். பத்தாவது மாடி கட்ட முடியாததற்கும் அதே விமானங்கள்தான் காரணம்.

ஜெனரல் மேனேஜர் தோத்தாத்ரி ஐந்தடி நான்கு அங்குலம். கோட்டில் வெள்ளி மேகம் ஒன்றைக் குத்தியிருந்தார்.

"மிஸ்டர் அச்சுதன், நம்ம ப்ராப்பர்ட்டியோட ஆன்மா எங்க இருக்கு?"

"கிச்சன்லயா சார்?"

"டாப் ஃப்ளோர்ல." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "வெள்ளிவிழா வருது. டாப் ஃப்ளோர் கடந்து வந்த பாதையை நீங்க எழுதறீங்க. அஞ்சடி கிரானைட்ல வெட்டி வைக்கறோம். ஹிஸ்டரி கம்ப்ளீட் ஆன அன்னிக்கே உங்க சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்து. அன்னிக்கே!"

'அன்னிக்கே' என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. அதற்கு முன்னால் வந்த 'கம்ப்ளீட்' காதில் விழவில்லை.

லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனேன். கதவு திறந்ததும் எதிரே ஏழு படிகள். கடைசி மாடிக்கு வந்த பிறகும் ஏழு படி ஏற வேண்டியிருந்தது. ஏறியதும் ஒரு மேகத்தில் நெற்றி இடித்தது. ஜிப்சத்தில் செய்து வெள்ளையடித்த மேகம். கூரை முழுக்க அப்படி மேகங்கள் தொங்கின.

"இன்னா தம்பி, மேகத்துல இடிச்சிக்கினியா?" நீலப் புடவையில், இடுப்பில் சாவிக் கொத்தோடு ஒரு அம்மா. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் செல்வமேரி. "மொத நாளு எல்லாரும் இடிச்சிப்பாங்க. ரெண்டாவது நாளு தல அதுவா குனிஞ்சிடும்."

"ரூம் ஏன்க்கா இவ்ளோ குள்ளமா இருக்கு?"

"ஆரம்பத்துல பதினாலு அடி. இப்ப ஆறே கால்."

"மீதி எங்க போச்சு?"

"எங்கியும் போல. இங்கதான் கீது." காலால் தரையைத் தட்டினார். பிறகு ஒரு மூலைக்கு அழைத்துப் போய்த் தரையில் இருந்த சதுரப் பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறந்தநாள் கேக்கை வெட்டிய மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. கார்க், மரம், இரும்பு, ஒயர்கள், பளிங்கு, பிளைவுட், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துருப்பிடித்த பல்சக்கரம்.

விஷயம் இதுதான். மேகவாசலில் எதையும் பெயர்க்க மாட்டார்கள். பெயர்க்க வேண்டுமென்றால் 'பயனற்றது' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் 'முதலில் இதை அமைக்கப் பரிந்துரைத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. பரிந்துரைத்தவர்கள் எல்லாரும் இன்று இயக்குநர்கள். ஆகவே பழைய தரையின் மேல் புதுத் தரை, பழைய கூரையின் கீழ் புதுக் கூரை. தோத்தாத்ரி சார் இதையே வேறு மாதிரி சொன்னார்.

"நாம எதையும் இடிக்கறதில்ல தம்பி. அடுக்கறோம். அதுக்குப் பேர்தான் பாரம்பரியம்."

'திறப்பு விழா உரைகள்' என்று ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து படித்தேன். உட்காருவதில் ஒரு வசதி இருந்தது. தரை உயர்ந்து உயர்ந்து ஜன்னல்கள் முழங்கால் மட்டத்துக்கு வந்துவிட்டன. உட்கார்ந்தால்தான் பல்லாவரம் மலை தெரியும்.

முதலில் அது சுழலும் உணவகம். தென்புறநகரிலேயே முதல் முறையாக மேசைகள் தாமாகச் சுற்றி, சூப் வருவதற்குள் ரயில்வே ஸ்டேஷனையும் வடை வருவதற்குள் விமான நிலையத்தையும் காட்டும் என்று உரையில் இருக்கிறது. நான்கு நாள் சுற்றியது. ஐந்தாம் நாள் அன்றைய சேர்மன் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று இன்றுவரை யாரும் எழுதவில்லை. பதிவேட்டில் 'தற்காலிக இடைநிறுத்தம்' என்றிருக்கிறது. இடைநிறுத்தம் இருபத்து நான்காவது ஆண்டில் நடைபோடுகிறது.

அதன் மேல் பிளைவுட் அடித்துப் பளிங்கு பதித்து மேகவாசல் மகால் என்ற கல்யாண மண்டபம் ஆக்கினார்கள். முதல் முகூர்த்தத்தில் ஹோமப் புகை கூரைக்குப் போனது. தீயணைப்புத் தண்ணீர் மாப்பிள்ளை மேல் கொட்டியது. 'வருணபகவானே நேரில் வந்து வாழ்த்தினார்' என்று அடுத்த ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. வருணபகவான் மறுபடி வராமலிருக்க இரண்டடி கீழே புதுக் கூரை போட்டார்கள். புகை மட்டும் அங்கேயே தங்கியது. பிறகு ஒரு கால் சென்டர். ஒயர்களை மறைக்க ஒரு அடி உயரத்தில் இரும்புத் தரை. அது அமெரிக்கா வரை பேசிவிட்டுக் காலி செய்தது. பிறகு குடும்ப டிஸ்கோ. மாலை ஆறு முதல் எட்டரை வரை, மூத்த குடிமக்களுக்குச் சலுகை. காலனிகளிலிருந்து வந்தவர்கள் ஸ்பிரிங் வைத்த மரத்தரை நன்றாக இருப்பதாகச் சொல்லி வாக்கிங் போனார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு கார்க் தரை போட்டு, மேகங்களைத் தொங்கவிட்டு, ஆழ்நிலை அமைதி மையம். அமைதியாகத்தான் இருந்தது. யாரும் வரவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒருநாளாவது ஜனங்க வந்து ரொம்பி வழிஞ்சிருக்காக்கா?" என்று கேட்டேன்.

செல்வமேரி அக்கா துடைத்துக்கொண்டிருந்த மேகத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். "ஒன்பது நாளு."

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர். டிஸ்கோவும் மூடிக் கிடந்த நேரம். முடிச்சூரில் அக்கா வீட்டுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்றைய மேனேஜர் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. அக்காவிடம் சாவி இருந்தது.

"நூத்திப் பத்து பேரு. கைக்கொழந்த பத்து. அந்த ஸ்பிரிங் தரையில படுத்தா கொழந்தைங்க அயாம தூங்கிச்சுங்க. யாரு கண்டுபுட்ச்சானோ, நல்லா இருக்கணும்."

"ஃபைல்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்லியே?"

"ரிப்பன் வெட்டலியே." சாதாரணமாகச் சொன்னார். "மெமோ குடுத்தாங்கோ. இன்னம் பெண்டிங்ல கீது."

மெமோவை ஆபீஸ் ஃபைலில் தேடிப் பார்த்தேன். 'நிர்வாகத்தின் அனுமதியின்றி மேல்தளத்தை முழுமையான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்தத் தளத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"இத எழுதப் போறேன்க்கா."

"எழுதிக் கியிச்சி எனக்கு இன்னொரு மெமோ வாங்கிக் குடுக்காத, ஹிஸ்ட்ரி." அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் ஹிஸ்ட்ரி.

இதற்குள் வெள்ளிவிழாவுக்காகத் தளம் மறுபடி மாறிக்கொண்டிருந்தது. வானவெளி லௌஞ்ச். கீழே நான்கு அங்குலம், மேலே நான்கு அங்குலம். வேலை முடிந்த அன்று தோத்தாத்ரி சார் நெஞ்சை நிமிர்த்தி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார்.

"பர்ஃபெக்ட். ஆமா, நீங்க ஏன் இப்படி நிக்கறீங்க? முதுகு வலியா?"

ஜோவிதா டேப் வைத்து அளந்தாள். அவள் நாலடி பதினோரு அங்குலம்; அந்த அறையில் துள்ளிக் குதிக்கவும் அவளுக்கு இடமிருந்தது. "அஞ்சடி ஏழு அங்குலம் சார்."

"எது?"

"ரூம் சார்."

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஐந்தடி பதினோரு அங்குலம். அவசரக் கூட்டம் கூடியது. விருந்தினரை உட்கார்ந்தபடியே ரிப்பன் வெட்டச் சொல்லலாம் என்றார் ஒருவர். குள்ளமான பிரமுகர் யாராவது அகப்படுவாரா என்றார் இன்னொருவர். கூரையைப் பெயர்க்கலாமே என்று ஜோவிதா சொன்னாள். தோத்தாத்ரி சார் அவளை மன்னிக்கிற தோரணையில் சிரித்தார்.

விழா தள்ளிப்போனால் சான்றிதழும் தள்ளிப்போகும். நான் எழுந்தேன், அதாவது பாதி எழுந்தேன்.

"சார், இது குறை இல்ல. கான்செப்ட். சிங்கப்பெருமாள் கோவில் குகைக்குள்ள போறப்ப நாம தலை குனிஞ்சுதானே போறோம்? உயரமான இடத்துக்கு வர்றவங்க பணிவோட வரணும். பணிவு லௌஞ்ச்."

நாட்டில் போலித்தனம் எப்படி உருவாகிறது என்று என் பக்கத்தில் பலமுறை கேலியாக எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு சுலபமாக உருவாகும் என்று தெரியாது.

தோத்தாத்ரி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, இந்த ஃப்ளோர் இத்தனை வருஷம் உங்களுக்காகத்தான்யா காத்துக்கிட்டிருந்தது." மறுநாளே படிகளருகே பலகை வந்தது: 'பணிவுடன் வருக. தலைநிமிர்ந்து நடப்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நடக்கவும்.'

"டேய் அச்சு," என்றாள் ஜோவிதா, "நீ காமெடி எழுதறியா, இல்ல காமெடியே நீதானா?"

அவளுக்கு நான் யார் என்று காட்ட வேண்டியிருந்தது. அன்று கிரானைட்டுக்கான வாசகத்தைக் கொடுக்கும் நாள். மேலே சுழலும் உணவகத்தின் புரட்சி, நடுவில் தோத்தாத்ரி சாரின் தொலைநோக்கு. எல்லாம் முடிந்து, கல்லின் அடி ஓரத்தில், தரையை ஒட்டி, ஒரே ஒரு வரி சேர்த்தேன்: '2015 டிசம்பரில் ஒன்பது நாள், திறப்பு விழா ஏதுமின்றி, இந்தத் தளம் முடிச்சூர்க்காரர்கள் நூற்றுப் பத்துப் பேருக்கு வீடாக இருந்தது.' அக்காவின் பெயரைப் போடவில்லை. தோத்தாத்ரி சார் தன் பெயர் இருக்கிற பத்தி வரைதான் படிப்பார். மற்றவர்கள் அந்த அளவும் படிக்க மாட்டார்கள். யார் கண்ணிலும் படாத இடத்தில் உண்மையை எழுதுவதுதான் என் வீரம்.

ஒரே ஒரு தவறு செய்துவிட்டேன். அந்த அறையில் எல்லாரும் குனிந்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

சிறப்பு விருந்தினர் பணிவோடு உள்ளே வந்தார். கல்லின் திரையை விலக்கினார். குனிந்த தலைக்கு நேராக இருந்தது கடைசி வரி. மைக்கில் உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கழுத்தைச் சாய்த்துத் தோத்தாத்ரி சாரைப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே! ஏன் அடியில போட்டிருக்கீங்க?"

தோத்தாத்ரி சார் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்துக்கும் அதுதானே சார் அடித்தளம்!" கைதட்டல். அவர் மைக்கை வாங்கினார். "அன்னிக்கு வெள்ளத்துல தவிச்ச மக்களுக்கு மேகவாசல் குடும்பம் கதவைத் திறந்துச்சு. ஆனா ரிப்பன் வெட்டலை. அது நிர்வாகத்தோட தவறு. தலைகுனிஞ்சு ஒத்துக்கறேன்." அந்த அறையில் நிமிர்ந்து நின்று பேசக்கூடியவர் அவர். இருந்தாலும் குனிந்தார். "இனிமே இந்தப் பகுதியில எந்த வெள்ளம் வந்தாலும், முறையா, ரிப்பனோட வரும்னு உறுதி சொல்றேன்!"

மைக்கைக் கீழே வைத்ததும் என்னைப் பிடித்தார். "ஆதாரம் இருக்கா தம்பி?"

என் கையில் சான்றிதழ்த் தாளும் திறந்த பேனாவும் இருந்தன. "மெமோ ஒண்ணு இருக்கு சார்," என்றேன்.

ஒரே மாதத்தில் ஒன்பதாவது மாடி 'பிரளயம்' ஆனது. வெள்ள அனுபவத்தோடு விருந்து. கணுக்கால் அளவுக்கு நீலத் தண்ணீர், அது நிற்பதற்கு ஒன்பது அங்குலத்துக்கு ஒரு தொட்டித் தரை, படகு வடிவ மேசைகள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் இடி. வாசலில் செல்வமேரி அக்காவின் மெமோ கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழே 'வரலாற்று ஆவணம்' என்ற பித்தளைப் பட்டை.

அக்கா அதை வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டும். "மெமோவ கேன்சல் பண்ணுவாங்கன்னு பாத்தா, லேமினேஷன் பண்ணிட்டாங்க," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சான்றிதழை மறுபடியும் நீட்டினேன். தோத்தாத்ரி சார் பேனாவை எடுத்து மூடினார். "ஹிஸ்டரி இன்னும் கம்ப்ளீட் ஆகலையே தம்பி. பிரளயம் வந்துடுச்சே, அதையும் எழுதணும். மூணு மாசம் எக்ஸ்டென்ட் பண்ணிக்கலாம்."

கல்லூரியில் துறைத் தலைவி தீபலட்சுமி மேடத்திடம் போன் செய்து கெஞ்சினேன்.

"போர்ட்டல்ல ரெண்டே கட்டம்தான் அச்சுதன். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். லெட்டர்ஹெட், ஜி.எம். கையெழுத்து, உன் பேரு. மூணும் இருந்தா கம்ப்ளீட். வெள்ளிக்கிழமை கடைசி."

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. புதன் மதியம் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்கள் நின்றுவிட்டன. தோத்தாத்ரி சார் கிளப்பில் கருத்தரங்குக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மேலே நானும் ஜோவிதாவும் பிரளயத்தின் தண்ணீரில் நீலம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் முழங்காலிட்டிருந்தேன், அறை நாலடி பத்து அங்குலம். ஜோவிதாவுக்கே ஒரு அங்குலம் இடித்தது.

படியில் செல்வமேரி அக்காவின் போன் ஒலித்தது. முடிச்சூரிலிருந்து ஒரு ஆண்குரல். "யக்கா, முயங்கால் வரிக்கும் வந்துடுச்சு. கொயந்தைங்கள எத்துகினு வந்துரட்டா? அந்த ரூமு தொறப்பியா?"

அக்கா தண்ணீரைப் பார்த்தார். பிரளயத்தின் ஸ்பீக்கரில் இடி இடித்தது. "அங்க முயங்காலு, இங்க கணுக்காலு. எது ஓணும்னு சொல்லு," என்றவர் உடனே குரலை மாற்றினார். "வா வா. எல்லாரையும் இட்டுகினு வா." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஹிஸ்ட்ரி, இந்தத் தண்ணிய எங்கடா தொறந்து வுடணும்?"

எனக்குத் தெரியும். வரைபடம் என் ஃபைலில் இருந்தது. அடைப்பான் பழைய பல்சக்கரத்துக்கு நேர் மேலே, அந்த மூலையில், ஒரு படகு மேசைக்கு அடியில். அதைப் பிடுங்கினால் வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்பதும் தெரியும். ஹால் டிக்கெட், ஒரு வருடம், அப்பாவின் முகம்.

"அச்சு, எனக்குக் கை எட்டலடா," என்றாள் ஜோவிதா. அவள் ஏற்கெனவே மேசைக்கு அடியில் இருந்தாள்.

ஆறடி ஒரு அங்குலத்தை நான்காக மடித்து நானும் தவழ்ந்து போனேன். அந்த மாடியில் என் நீளம் உதவியது அந்த ஒரு முறைதான். அடைப்பானைப் பிடுங்கினேன். பிரளயம் வட்டமாகச் சுழன்றபடி வடிந்தது. ஒன்பதாவது மாடியில் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஏதோ ஒன்று சுற்றியது.

சாயங்காலம் எண்பத்தாறு பேர் வந்தார்கள். நாலடி பத்து அங்குலத்தில் நிற்க முடியாது. படுக்கத் தாராளமாக இருந்தது. ஜன்னல்கள் தரையோடு இருந்ததால் குழந்தைகள் படுத்தபடியே குரோம்பேட்டை விளக்குகளைப் பார்த்தார்கள். அதுவரை அந்த மாடியில் என்னைத் தவிர யாரும் ஜன்னல் வழியே பார்த்து நான் கண்டதில்லை. இடியை அக்கா ஒயரோடு பிடுங்கிவிட்டார்.

வெள்ளி காலை தோத்தாத்ரி சார் வந்தார். ரிப்பன் இல்லாமல் உள்ளே இருந்த வெள்ளத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று கவர்கள் வந்தன. அக்காவுக்கு இது இரண்டாவது. எனக்கும் ஜோவிதாவுக்கும் முதல்.

என் கவரைப் பிரித்தேன். மேலே பொன்னிறத்தில் மேகவாசல் லெட்டர்ஹெட். கீழே ஜெனரல் மேனேஜரின் கையெழுத்து, முத்திரையோடு. நடுவில்: 'பயிற்சி மாணவர் அச்சுதன், நிர்வாகத்தின் அனுமதியின்றி மேல்தளத்தை முழுமையான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தமைக்காக…'

இரண்டு முறை படித்தேன். பிறகு பஸ் பிடித்துக் கல்லூரிக்கு ஓடினேன். ஜோவிதா எனக்கு முன்னால் ஓடினாள்.

தீபலட்சுமி மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். லெட்டர்ஹெட்டைத் தடவிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். "'மேல்தளத்தை முழுமையான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தமை'… ரெண்டு மாசத்துலயா? வெரி குட். அது என்ன, 'அனுமதியின்றி'?"

"யாரும் சொல்லாமலே செஞ்சோம் மேடம்," என்றாள் ஜோவிதா.

"இதத்தான் இனிஷியேட்டிவ்னு கிளாஸ்ல சொல்லிக்கிட்டே இருக்கேன்." மேடம் போர்ட்டலில் கம்ப்ளீட் என்ற கட்டத்தைத் தட்டினார். "ஒரு காப்பி டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல போடணும். ஒரிஜினலை லேமினேஷன் பண்ணிக் கொண்டு வாங்க."